மூன்று பேருக்கு ஒரு கல்

திண்டுக்கல் பேகம்பூரில் அப்துல் ஜப்பாரைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பது வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். ஒரே நாளில் ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் பார்க்க வேண்டும் என்று யார் வந்தாலும் ஸ்டாண்டில் அவரைத்தான் கை காட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் மலைக்கோட்டையில் கொண்டுபோய் விட்டுவிடுவார். ஆத்தூர் அணையில் தண்ணீர் கிடக்கிறதா என்று போன் போட்டுக் கேட்ட பிறகுதான் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவார். வாய் ஓயாத மனிதர். அவரிடம் ஒரே ஒரு கோளாறு: வியாழக்கிழமை அய்யலூர் என்று யாராவது சொன்னால் உடனே அவருக்கு வயிறு வலிக்கும். அன்றைக்குத்தான் அங்கே ஆட்டுச் சந்தை. ஆட்டுக்குப் பயந்த பாய் என்று ஸ்டாண்டில் ஓட்டுவார்கள்.

இன்னொரு கேலியும் உண்டு. அவர் கார் டிக்கியில் எப்போதும் ஒரு கல் கிடக்கும். மூன்று பேராகப் போனால் போகிற காரியம் விளங்காது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. மூன்று பேராக அமைந்துவிட்டால் வழியில் ஒரு கல்லை எடுத்துக் கூட வைத்துக்கொள்வார்கள். கணக்குக்கு நான்கு பேர். பாய் முன்னேற்பாடாக ஓர் ஆளை டிக்கியிலேயே வைத்திருக்கிறார் என்று சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காமல் என்ன செய்வது?

அந்தக் கல் எப்படி வந்தது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, அகரத்துக்காரத் தம்பதி ஒன்றை அய்யலூர் சந்தைக்குக் கூட்டிப்போயிருந்தார். கிடாய்க்குட்டி வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, கூட வந்த உறவுக்காரர் அங்கேயே நின்றுவிட, இப்போது டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் என்று அந்த அம்மாள் வண்டியில் ஏற மறுத்துவிட்டாள். ஜப்பாருக்கு அவசரம். சுற்றிலும் பார்த்தார். சரிவில் ஒரு மினி லாரி நின்றது. அதன் பின்சக்கரத்தடியில் ஒரு கல், உடைந்த அம்மியின் பாதி, சீட்டில் உருளாமல் உட்காரும் தட்டையான கல். லாரி கியரில்தானே நிற்கும் என்று நினைத்தார். குனிந்து உருவினார். வண்டி அசையவில்லை. அவர் கிளம்பிவிட்டார்.

மறுநாள் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தார். சந்தைச் சரிவில் மினி லாரி தானாக உருண்டிருக்கிறது. பின்னால் நின்று ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த ஜக்கம்மாள் என்ற பெண் அதே இடத்தில் போய்விட்டாள். ஓட்டுநர் அவளுடைய புருஷன், கருப்புசாமி. கல் வைக்காத அஜாக்கிரதை என்று போட்டிருந்தது.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குப் போகலாம் என்று இருந்தார். அந்த ‘நாளை’ வராமலே பதினோரு வருடம் ஆகிவிட்டது. கல்லைத் தூக்கிப் போடவும் கை வரவில்லை. ஒருமுறை ஆத்தூர் அணைவரை கொண்டுபோய், கரையில் செத்த நேரம் நின்றுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். கார் மாற்றியபோது புது வண்டியில் முதலில் ஏறியது அதுதான். சாக்கில் சுற்றித்தான் வைத்திருந்தார். ஆனாலும் பிரேக் போடும்போதெல்லாம் பின்னாலிருந்து டொக்கென்று தட்டும். கூட வருகிறேன் என்று சொல்வதுபோல இருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூரிலிருந்து வந்த கீர்த்தனா என்ற பெண் கார் கேட்டாள். அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போகப் போகிறாளாம். போவதற்குள் தான் வண்டி ஓட்டித் திரிந்த இடத்தையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறாராம் அவர். மலைக்கோட்டை, ஆத்தூர், தாடிக்கொம்பு, அகரம், கடைசியாக அய்யலூர். ஞாயிறுதானே, சந்தை கிடையாதே என்று ஜப்பார் ஒப்புக்கொண்டார்.

அப்பாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். பேச்சே இல்லாத மனிதர். மலைக்கோட்டை அடிவாரத்தில் கார் நின்றதும் முதலில் இறங்கினார். கோட்டையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. சாலையோரம் தேடி ஒரு கல்லை எடுத்து வந்து பின்சக்கரத்தடியில் முட்டுக் கொடுத்து, காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். ஆத்தூரிலும் அதேதான். தாடிக்கொம்பு கோயில் வாசல், சமதளமான இடம், அங்கேயும் கல். ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கும் அண்ணே என்று ஜப்பார் சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அகரத்தில் அவர் கல் தேடிப் போயிருந்தபோது அந்தப் பெண் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்க பாய். அய்யலூர் சந்தையில கல்லு வைக்க மறந்துட்டாரு. வண்டி உருண்டு எங்கம்மா போயிட்டாங்க. அப்ப எனக்குப் பதினாலு வயசு. இன்னிக்கு வரைக்கும் வச்சேன் வச்சேன்னுதான் சொல்லுறாரு. மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன்."

ஜப்பார் திரும்பி டிக்கிப் பக்கம் பார்த்தார்.

அங்கிருந்து வடமதுரை வழியாக அய்யலூர். ஒவ்வொரு வேகத்தடையிலும் டிக்கியில் டொக். காருக்குள் மூன்று பேர், பின்னால் அந்தக் கல். பயணத்தை இப்படியே முடித்துக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் இரண்டு பேரும் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கப்போவதில்லை. அந்த எண்ணமும் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது அப்பா ஒரு ஜன்னல் பக்கமும் மகள் மறு ஜன்னல் பக்கமும் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். இந்த இரண்டு பேரும் இனி ஒரே வீட்டில் இப்படித்தான் இருக்கப்போகிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

சந்தைத் திடல் வெறிச்சென்று கிடந்தது. ஆட்டு வாடை மட்டும் மண்ணைவிட்டுப் போகவில்லை. சரிவில் கார் நின்றதும் கருப்புசாமி வழக்கம்போலக் கல் தேடக் குனிந்தார். ஜப்பார் டிக்கியைத் திறந்து சாக்கைப் பிரித்து, கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் அவர் முன்னால் நின்றார்.

"அண்ணே, நீங்க வச்ச கல்லு இது. நான்தான் எடுத்தேன். மூணு பேருன்னு எடுத்தேன்."

கருப்புசாமி வாங்கிக்கொண்டார். மண் பட்ட பக்கத்தைத் துடைத்துவிட்டு, கொத்து விழுந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அது அவர் வீட்டு அம்மி. அம்மி கொத்தும்போது உடைந்துபோன பாதியை, லாரிக்கு ஆகும் என்று ஜக்கம்மாள்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்குச் சந்தை முழுக்க இதைத் தேடினாராம். கிடைக்கவில்லை. கல்லே இல்லாதபோது வைத்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

அவர் ஜப்பாரைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, வச்சேன்னு சொன்னேன்ல" என்றார்.

கீர்த்தனா அந்தக் கல்லில் கை வைத்தாள். அப்படியே அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேவிக்கேவி அழுதாள். ஜப்பார் எங்கே நிற்பது என்று தெரியாமல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது கல் கருப்புசாமியின் மடியில் வந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, கல்லும் தேடவில்லை. நேராக நடந்தார். கீர்த்தனா மட்டும் காரின் ஜன்னலருகே வந்து நின்றாள்.

"பதினோரு வருசம் எங்கப்பாகிட்ட நான் முகம் குடுத்துப் பேசல பாய். அந்தப் பேச்சை யாரு குடுப்பா?"

அவள் பதிலுக்காக நிற்கவில்லை.

பேகம்பூர் வரை டிக்கியில் சத்தமே இல்லை. அது கேட்காததுதான் அவருக்குப் பயமாக இருந்தது. வீட்டு வாசலில், மட்டமான தெருவில் காரை நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு உள்ளே போனார். கை கால் கழுவினார். மனைவி ஹாஃபிஸா டீ வைத்துவிட்டுப் பார்த்தபோது ஆளைக் காணோம். வெளியே வந்து பார்த்தாள். சாக்கடை ஓரத்தில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்னத்தைத் தேடுறீங்க?"

"கல்லு" என்றார் ஜப்பார். "வண்டிக்கு ஒரு கல்லு வேணும்."