பதின்மூன்று குண்டு, நான்கு ஓட்டை

கல்லூரியின் துப்பாக்கி சுடும் அணியில் சேர்ந்த முதல் பெண் என் சித்தி. மாநிலப் போட்டியில் அவள் வாங்கிய பதக்கத்தை, ஒன்பது வயதில் நான் தினமும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் இரண்டு வரன்கள் நழுவிப்போயின என்பதும் எனக்குத் தெரியும்.

மூன்றாவது வரன் மண்ணச்சநல்லூர். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில், ஸ்ரீரங்கத்தில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் இரு வீட்டாரும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. புத்தூரில் பஸ் ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டாள்: "துப்பாக்கி கிப்பாக்கின்னு வாயத் தொறந்தே, தோல உரிச்சிடுவேன்."

தரிசனம் முடிந்து இரு வீட்டாரும் சேர்ந்தே வெளியே வந்தோம். ராஜகோபுரத்துக்கு அருகே பலூன் சுடும் கடை. பலூன்களுக்குப் பின்னால் அன்றுதான் மாட்டிய வெள்ளை அட்டை. மாப்பிள்ளை மூன்று குண்டு சுட்டார். மூன்றும் மூன்று திசையில் போயின. என்னால் பொறுக்க முடியவில்லை.

"எங்க சித்தி சுட்டா ஒண்ணுகூட தப்பாது!"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாப்பிள்ளையின் அம்மா சித்தியை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியாம்மா? எங்க, சுடு பாப்போம்."

சித்தி மறுக்கவில்லை. துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்தாள். அவள் மூச்சு நின்றது. என் மூச்சும் நின்றது. அத்தனை கூட்டத்திலும் அவள் மட்டும் கற்சிலைபோல் அசையாமல் நின்றாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை. பத்து முறை சுட்டாள்.

ஒரு பலூனும் வெடிக்கவில்லை.

"சின்னப் புள்ள என்னமா கதை விடுது!" என்று மாப்பிள்ளையின் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். என் அம்மாவுக்கும் உயிர் வந்தது. எனக்கு அழுகை வந்தது.

கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, துப்பாக்கியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை அட்டையருகே போய், இரண்டு மஞ்சள் பலூன்களுக்கு நடுவே வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து, சித்திக்கு மட்டும் கேட்கும்படி, "இனிமே நான் சுடல, நீங்களே சுடுங்க" என்றார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது. சித்தி அன்று முதன்முறையாகச் சிரித்தாள்.

தையில் கல்யாணம். அதன்பின் வாரந்தோறும் அவளைப் பயிற்சிக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போனவர் சித்தப்பாதான்.

அந்த ஏகாதசியன்று மாலை நான் நோட்டில் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது: "சுட்டது பதிமூணு குண்டு. அட்டையில் ஓட்டை நாலு. மாப்பிள்ளையோடது மூணு. சித்தியோடது ஒண்ணே ஒண்ணு. மீதி ஒன்பது குண்டை கடைக்காரர் போடவே இல்லை. ஏமாத்திட்டார்."