ஆறிய காலில் ஆறாத வலி

எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். நான் அங்கே கல் வேலைக்கு மேஸ்திரி. வண்டியிலிருந்து சரிந்த கல் ஒன்று என் வலது பாதத்தில் விழுந்து எலும்பை முறித்தது. சில மாதத்தில் புண் ஆறியது, வீக்கம் வடிந்தது. வலி மட்டும் போகவில்லை. தணலில் வைத்ததுபோல் எரிந்தது. வேட்டி நுனி பட்டாலே துடித்துப்போவேன்.

சேலத்தில் எக்ஸ்ரே (உள்ளே இருக்கும் எலும்பைக் காட்டும் படம்) எடுத்துப் பார்த்துத்தான் டாக்டர் அப்படிச் சொன்னார். அப்படியானால் எரிவது எது? வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறேன் என்று சிலர் பேசினார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

ஒருநாள் என் நான்கு வயது மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். உதறித் தள்ளினேன். சுவரில் மோதி விழுந்தாள். அவளைத் தூக்கிய என் மனைவி பாவாயியின் பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. இந்தக் காலை வெட்டி எடுத்துவிடச் சொல்வது என்று அப்போதே முடிவு செய்தேன்.

பாவாயியோடு மறுபடி சேலம் போனேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பக்கத்தில் இருந்தவருக்கு இடது கை இல்லை. கரும்பாலையில் சிக்கியதாம். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

"ஏனுங்க, கையெ எடுத்த பொறவு வலி நின்னுருச்சுங்களா?"

"எங்கீங்க நின்னுச்சு? இல்லாத வெரலு இன்னமும் எரியுதுங்க" என்றார்.

வெட்டினாலும் தீராது என்றால் நான் எங்கே போவேன்? அன்று இருந்த வேறொரு டாக்டரிடம் அதையே கேட்டேன்.

"நரம்பு தந்திக் கம்பி மாதிரி" என்றார் அவர். "அடிபட்டப்போ மூளைக்குச் சேதி சொல்லிச்சு. இப்போ அடி ஆறிடுச்சு. கம்பி அதே சேதியைத் திரும்பத் திரும்ப அனுப்புது."

"அப்ப எம் புத்திதான் கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லை. சேதிதான் தப்பு. உங்க வலி நிஜம்."

பாவாயி அழுதாள். அத்தனை மாதத்தில் என் வலியை நிஜம் என்று சொன்ன முதல் வைத்தியர் அவர்தான்.

தொட்டால் ஆபத்தில்லை என்று நரம்புக்குப் பழக்க, தினமும் பாதத்தைப் பஞ்சால் தடவச் சொன்னார். பழகியபின் துணியால்; அதன்பின் மணலில் மிதிக்க வேண்டும். முதல் நாள் பஞ்சு பட்டதும் கத்திவிட்டேன்.

"நிறுத்திரட்டுங்களா?" என்றாள் பாவாயி.

"வேண்டாம். இன்னொருக்கா தடவு."

பஞ்சிலிருந்து மணலுக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை எரிச்சல் பழையபடி ஏறியது. கால் அழுகுகிறதோ என்று பயந்து கால் நகம் கறுக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதே வலியோடு இதைப் படிப்பவர்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். முழுக்கத் தீரவில்லை. நடக்கும்போது சுரீரென்று வரும். முதல் மூச்சில் இன்னமும் நடுங்குகிறேன். இரண்டாவது மூச்சில் காலை எடுத்து வைத்துவிடுகிறேன்.