யார் கையும் படாத சோறு

காஜா பெராங் வட்டாரத்தில் அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழ் சாப்பாட்டுக் கடை போட்டேன். அப்புறம் ஓடு வேய்ந்தேன், மாடியும் எழுப்பினேன். படிப்பு மூன்றாம் வகுப்புதான். ஆனால் நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்கா வருஷத்தில், ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணியாரைச் சாப்பிட வைத்தேனே, அதுதான் நான் செய்த பெரிய வேலை.

அவர் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. உள்ளே வெறும் எலும்பு. வாழை இலையைக் கழுவுவார், துடைப்பார், மறுபடியும் கழுவுவார். அதற்குள் சோறு ஆறிவிடும்.

"யார் கை பட்டுச்சோன்னு மனசு அரிக்குதுண்ணே. பசிக்குது, ஆனா சாப்பிட முடியல" என்று எழுந்து போய்விடுவார்.

ஒருநாள், தென்னங்குருத்துக் கூட்டுக்குள் அரிசி அடைத்து வேகவைத்த கெத்துப்பாட்டை ஆவி பறக்க அவர் முன்னால் வைத்தேன்.

"உள்ள வெந்த சோத்துல ஒரு கையும் படல. நீங்களே பிரிங்க."

"அரிசி போட்ட கை?"

"என் கைதான். அதையும் சேர்த்து வேகவைக்கணுமா, கிராணியாரே?"

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார், பிரித்தார், தின்றார். இன்னொன்றும் கேட்டார்!

போகப்போக இலைச் சோற்றுக்கும் வந்தார், உடம்பும் தேறியது. அந்த மனசு ஏன் அப்படிச் சிக்கிக் கிடந்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அவர் வீட்டார் டாக்டரைப் புகழ்கிறார்கள், சாமியைப் புகழ்கிறார்கள். புகழட்டும். முதல் கவளம் என் கடையில்தான் இறங்கியது. அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்!