தாங்கியில் தண்ணீர் குறைகிறது

பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தரப் பரீட்சையின் இணைந்த கணிதத்துக்குத் தமிழில் ட்யூஷன் கொடுப்பது, அடைமழையில் ஐஸ்கிரீம் விற்பது மாதிரியான தொழில்: வருகிறவர்கள் கொஞ்சம், வருகிறவர்களுக்கும் ஏற்கெனவே இருமல். பதுளை பஸாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மாடியில் நான் இதைப் பல வருடமாகச் செய்து வருகிறேன். வெண்கட்டித் தூளைத் தின்றே வயிறு வளர்க்கும் சக பாவிகளே, ஒரே ஒரு கணக்கு என்னைப் படுத்திய பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? தாங்கியிலிருந்து தண்ணீர் வெளியேறும் கணக்குதான். உங்களையும் அது சும்மா விட்டிருக்காது.

பாத்திரம் எங்கே?

தர்ஷினி மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவளுடைய பள்ளிக்கூடத்தில் கணிதத்துக்கு ஆளே இல்லை. யாரோ கொடுத்த பழைய நோட்ஸை வைத்துத் தானாகவே படித்து இரண்டு முறை பரீட்சை எழுதி, இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தாள். மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள்; அந்தக் கடைசி முறைக்குத்தான் என்னிடம் வந்தாள். அதிலும் போனால் கொழும்பில் மாமா மகனின் புடவைக் கடையில் வேலை என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவளுக்கோ இஞ்சினியராக வேண்டும்.

முதல் நாளே கரும்பலகையில் எழுதினேன்: ‘உச்சி கீழாகவுள்ள கூம்பு வடிவத் தாங்கி ஒன்றின் துவாரத்தினூடாக நீர் மாறா வீதத்தில் வெளியேறுகிறது. நீர்மட்டம் இறங்கும் வீதத்தைக் காண்க.’ அவள் எழுந்து, “சேர், தாங்கியோட அளவு இருக்கு. அது தாங்குற பாத்திரத்தோட அளவு எங்க?” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டத்தில் அதற்கு டேங்க் என்று பெயர், கொஞ்சம் பழைய ஆட்களுக்குத் தொட்டி. தாங்கி என்றால் முட்டுக்கொடுக்கிற ஏதோ ஒன்று என்று நினைத்து, இல்லாத பாத்திரத்தை இரண்டு பரீட்சையிலும் தேடியிருக்கிறாள். புத்தகத்துக்குத் தமிழ் செய்த புண்ணியவானை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். மற்றவர்களுக்காவது விளங்கியதா என்று கேட்டேன். பின்வரிசை வாங்கிலிருந்து, பஸாரில் கடை வைத்திருப்பவரின் மகன் ரமீஸ் சொன்னான்: “நான் யுத்தத் தாங்கின்டு நெனச்சேன் சேர். தண்ணியடிச்சுக் கூட்டத்தக் கலைப்பாங்களே, அது.”

மறைக் குறி

தாங்கி என்றால் டேங்க் என்று தெரிந்ததும் தர்ஷினி கணக்கைப் பிடித்துக்கொண்டாள். வகையிட்டாள், பிரதியிட்டாள், அழகாக விடை எடுத்தாள். ஒரே ஒரு குறை, தண்ணீர் வெளியேறுவதற்குப் போட வேண்டிய மறைக் குறியை, அந்த மைனஸை மட்டும் தவறாமல் விட்டுவிடுவாள். ஓட்டை திறந்திருக்க, தண்ணீர் மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

நானும் அன்பாகச் சொன்னேன், அதட்டிச் சொன்னேன், கையெடுத்துக் கும்பிட்டும் சொன்னேன். கடைசியில் பொறுமை போய், “உலகத்தில் எந்த டேங்க் அம்மா திறந்துவிட்டால் நிரம்பும்?” என்று கத்திவிட்டேன். அவள் கொஞ்சமும் அசராமல் சொன்னாள்: “நீங்க மழ காலத்துல எங்க தோட்டத்துக்கு வந்ததில்லீங்களா சேர்?”

செய்முறை

கண்ணால் பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்று, கீழே கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற பெரிய புனலை இரவல் வாங்கினேன். கடைக்காரர்தான் மாடிக்கும் சொந்தக்காரர், பஸாரில் எல்லோருக்கும் அண்ணன் முறையில் ‘நானா’. புனலின் வாயை விரலால் அடைத்து, தண்ணீர் நிரப்பி, விரலை எடுத்தேன். அகலமான மேல்பக்கத்தில் மட்டம் மெதுவாக இறங்கியது. கீழே ஒடுங்க ஒடுங்க விறுவிறுவென்று ஓடியது. “கொறையுது சேர், மறை!” என்று தர்ஷினி கத்தினாள். அந்தச் சந்தோஷத்தில் திரும்பத் திரும்ப ஊற்றினோம். எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது.

கீழே வாளி வைத்திருந்தேன் என்றாலும், வாளி நிரம்பும் என்பதை மூன்று மொழிப் பாடப்புத்தகங்களையும் கரைத்துக் குடித்த நான் கணக்கில் எடுக்கவில்லை. மாடிக்குப் பலகைத் தரை. பலகைக்குக் கீழே சீமெந்து மூட்டைகள். நானா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். நனைந்த தரையைப் பார்த்தார், புனலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சேர், நீங்க கணக்குப் படிச்சுக் குடுங்க, நான் வேணான்டு சொல்லல்ல. சீமெந்துக்குத் தண்ணி பட்டா அதுக்கு வெடை ஒன்டுதான், கல்லு.”

அம்மாவின் கேள்வி

ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்ஷினியின் அம்மா பஸ் ஏறி வந்துவிட்டார். கொழுந்து பறிக்கிறவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. கொழும்புப் புடவைக் கடையில் இடத்தை ரொம்ப நாள் காலியாக வைத்திருக்க மாட்டார்களாம். புள்ள தேறுமா, தேறாதா, உள்ளதைச் சொல்லுங்க என்றார்.

 தேறும் என்று சொல்லி, தேறாவிட்டால் அந்தக் கடை வேலையையும் கெடுத்த பாவம் எனக்குத்தான். ஆகவே கணிதக்காரன் செய்கிற காரியத்தைச் செய்தேன். பதில் சொல்லாமல் கணக்கைக் காட்டினேன். தர்ஷினியே கரும்பலகையில் அதை அம்மாவுக்கு விளக்கினாள். மறைக் குறி சரியாக விழுந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா கடைசிவரை கவனமாகக் கேட்டார். பரீட்சை முடியும்வரை இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டே கேட்டார்: “ஏங்க சேர், ஓட்ட எப்ப டேங்க காலியாக்கும்னு இம்புட்டுப் படிக்கிறீங்களே, அத அடைக்கிறதுக்கு ஒரு படிப்பும் இல்லீங்களா?”

பரீட்சை மண்டப வாசல்

பரீட்சையன்று மண்டப வாசலில் எதிர்க் கடைப் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளை பெறுகிற வீட்டு வாசலில்கூட நான் இப்படித் தவித்ததில்லை. தர்ஷினி வெளியே வந்தாள். தாங்கிக் கணக்கு வந்ததா என்று கேட்டேன். வந்ததாம், மறைக் குறியும் போட்டாளாம். பிறகு ஏன் முகம் இப்படி இருக்கிறது என்றேன். “இந்தவாட்டி பாத்திரம்னே போட்டுட்டாங்க சேர். தாங்கி எங்கன்னு தேடிக்கிட்டே கொஞ்ச நேரம் போயிருச்சு.”

பெறுபேறு

தேறிவிட்டாள், அவளே போனில் சொன்னாள். இஞ்சினியரிங்குக்கு மட்டும் புள்ளி கொஞ்சம் எட்டவில்லை. பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானத்துக்கு இடம் கிடைத்தது. புடவைக் கடை இல்லை, கெம்பஸ். போனை வைத்துவிட்டு நான் அழுததை நானாவைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

அம்மா பழப் பையோடு நேரில் வந்தார். மகள் இஞ்சினியர் ஆக மாட்டாளா என்று கேட்டார். இல்லை, ஆனால் பட்டம் முடித்தால் உங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே கணித ஆசிரியராகப் போகலாம், அங்கே ஆளே இல்லையே என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னேன். அம்மா என் சட்டையில் படிந்த வெண்கட்டித் தூளை, தேய்ந்த செருப்பை, களைத்துப்போன என் முகத்தை வரிசையாகப் பார்த்தார். பழப் பையை மெதுவாக மேசையில் வைத்தார். “ஐயோ, உங்கள மாதிரியா சேர்?”

ஆக, சக பாவிகளே, நம் தொழிலில் நாம் தோற்றால் ஒரு பிள்ளை கடைக்குப் போகிறது, ஜெயித்தால் நம்மைப் போல் ஆகிவிடுகிறது.