பூச்சி அரித்த இலை

என் மனைவி ராஜபாயிடம் அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், செடிகொடி இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தித்தான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவள் கண் ஏதாவது இலைமேல் போய்விடும். நான் சொன்னது காற்றோடு போய்விடும்.

புதுக்கடைக்குப் பக்கத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையின் தையல்கூடத்தில் பெண்கள் வெள்ளைத் துணியில் பூவேலை செய்வார்கள். அதற்குப் படம் வரைந்து கொடுப்பது ராஜபாய். காகிதத்தில் ஊசியால் குத்தி, நீலப்பொடி தேய்த்துத் துணியில் இறக்குவாள். வருஷம் முழுக்கச் சீமை ரோஜாதான். வெள்ளைக்காரன் போய் நாலு வருஷமாகியும் அவன் ரோஜா போகவில்லையே என்று நான் கேலி செய்வேன். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அந்த வருஷம் மெட்ராஸ் கடை ஒன்று புது மாதிரி கவுன்கள் கேட்டது. கூடத்தை நடத்திய செல்லபாய் அம்மா இவளைக் கூப்பிட்டு, "இந்தத் தடவ உன் இஷ்டத்துக்கு வரை. சரிவரல்லேன்னா பழையபடி ரோஜாதான்" என்று சொல்லிவிட்டார்.

ராஜபாய் நேராக என் வழுதலங்காய்ப் பாத்திக்கு வந்து உட்கார்ந்தாள். கத்தரிக்காயை எங்கள் பக்கம் வழுதலங்காய் என்போம். வண்டு அரித்து இலையெல்லாம் ஓட்டை. நான் பூச்சிக்குத் தூவச் சாம்பலோடு போனால் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்க, சாம்பல் போடப்பிடாது. அது இன்னும் தின்னு முடிக்கல்ல."

என் வாத்தியார் வேலையில் எத்தனையோ சாக்குப்போக்குக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

ஓட்டை இலைகளை வரைந்தாள். ஓட்டை வரும் இடத்தில் துணியை வெட்டி, ஓரத்தை நூலால் கட்ட வேண்டும் என்று சொல்லி, சத்தியபாயிடம் கொடுத்தாள். கூடத்திலேயே நல்ல கை சத்தியபாய்க்குத்தான். வயலும் தோட்டமும் உள்ளவள். துணி திரும்பி வந்தபோது இலைகள் பச்சைப்பிள்ளை கன்னம்போல் கொழுகொழுவென்று இருந்தன. ஓட்டை ஒன்றுகூட இல்லை.

"பூச்சி விழுந்த எலைய எப்பிடிட்டி தைக்கது? மனசு வரல்ல. எல்லாத்தையும் அடைச்சிட்டேன்" என்றாள், உபகாரம் செய்தவள்போல.

கவுன்கள் மறுநாள் போக வேண்டும். அன்று கூடத்துக்கு மத்தியானச் சோறு கொண்டுபோயிருந்த நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ராஜபாய் கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு கவுனின் கழுத்தோரம் இருந்த பெரிய இலையின் நடுவில் வெட்டிவிட்டாள்.

"அக்கா, இனி ஓரத்த நூலால கெட்டல்லேன்னா துணி பிரிஞ்சு போவும்" என்றாள் சத்தியபாயிடம், மெதுவாக.

"உனக்கு வட்டாட்டி? பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று சத்தியபாய் துணியைப் பிடுங்கினாள். ஆனால் நூல் பிரிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவள் கைக்குத் தெரியாது. ராஜபாயின் வம்சத்தையே திட்டிக்கொண்டு ஓரம் கட்டினாள். முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ஓட்டை வழியாக வெயில் வந்து அவள் மூக்கில் விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணியை நீட்டினாள்.

"அடுத்தத வெட்டு."

மற்றவர்களும் ஊசியோடு வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவளிடம் சொன்னால் தலையில் ஏறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கவுன்கள் போயின. அதே இலையில் இன்னும் வேண்டும் என்று கடையிலிருந்து ஆளே வந்துவிட்டார். அடுத்த நடவில் நான் சாம்பலோடு பாத்தியில் இறங்கினேன். வேலிக்கு அப்பால் சத்தியபாய் நின்றிருந்தாள்.

"சாரே, அந்தச் சாம்பல அங்கன வையும். பூச்சி கெடக்கட்டு. எங்களுக்கு எலை வேணும்."

"அப்போ எனக்கு வழுதலங்கா?"

"சந்தையில வாங்கும்."

வாங்கி வந்தேன். நறுக்க உட்கார்ந்த ராஜபாய், காய்க்குத் தொப்பி வைத்ததுபோல் இருந்த காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பென்சிலைத் தேடிக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்கும் கறி இல்லை.