அண்ணி பிரித்து மாட்டிய எஞ்சின்

எங்கள் அண்ணிக்குத் தெருவில் பெயரே கிடையாது. எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். பால் போடுகிறவர் முதல் எதிர்வீட்டுச் சண்டைக்காரர் வரை "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று வந்து நின்று காலைக் காட்டுவார்கள், கையைக் காட்டுவார்கள், நாக்கை நீட்டுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவர். டாக்டர் கையை நீட்டுவதற்கு முன்பே கத்தரிக்கோல் அந்தக் கையில் இருக்கும் என்பார்கள். அது உண்மையோ என்னவோ, வீட்டில் நாங்கள் கையை நீட்டினால் துடைப்பம்தான் வரும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, "சும்மா உக்காந்தா நான் துருப்பிடிச்சுப் போயிடுவேன்" என்று அறிவித்தார். நடமாட முடியாதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதென்று தீர்மானம். அப்படிப்பட்டவர்கள் பஸ் ஏறாத மேட்டுத் தெருக்களில்தான் அதிகம். போக வண்டி வேண்டும். வீட்டில் இருந்தது அண்ணனின் பழைய கார் ஒன்றுதான். அதை நம்பி மேட்டுத் தெருத் தையல்காரர் ஒருவருக்கு அண்ணி வாக்குக் கொடுத்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். சனிக்கிழமை வருகிறேன் என்று போனில் சொன்னதும், "நிஜமாவே வருவீங்களா சிஸ்டர்?" என்று மனிதர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். வருகிறேன் என்று சொல்லி வராமல் போனவர்கள் அவருக்கு நிறைய.

கார் மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒருநாள் மேடேறும்போது கொதித்து, வெள்ளையாகப் புகை கக்கி, நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்காரர் பார்த்தார். எஞ்சினுக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரித்தாக வேண்டும், இந்தக் கிழட்டு வண்டிக்கு அதெல்லாம் தண்டம் என்று கையை விரித்துவிட்டார். அண்ணன் உடனே பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போன் போட்டார். என் அண்ணன் நல்லவர்தான். ஆனால் வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால் அது வாசலைத் தாண்டிப் போகும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

"பிரிக்கணும்னா பிரிச்சுட்டாப் போச்சு. நானே பிரிக்கிறேன்" என்றார் அண்ணி.

"உனக்கு என்னடி தெரியும் எஞ்சினப் பத்தி?"

"மனுஷன் வயித்தத் தொறந்து மூடுறதையே பக்கத்துல நின்னு பாத்தவ நான். இதுக்கு மயக்க மருந்துகூட வேணாம்."

அண்ணன் சிரித்தார். பிறகு கெடு வைத்தார். சனிக்கிழமை காலையில் இரும்புக் கடைக்காரர் வருவார். அதற்குள் ஓடினால் வண்டி அண்ணிக்கு. ஓடாவிட்டால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார். அண்ணி யோசிக்காமல் சரி என்றார்.

அன்றிலிருந்து கார் ஷெட் ஆபரேஷன் தியேட்டர் ஆனது. பழைய மேசைமேல் வெள்ளைத் துணி. அதன்மேல் வரிசையாக எவர்சில்வர் தட்டுகள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் பிளாஸ்திரி ஒட்டி எண் போட்டுத் தட்டில் படுத்துக்கொண்டது. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒரு நட்டு முரண்டு பிடித்தால் சுத்தியலைத் தேடுகிற ஆள். "கைய எடுங்க தம்பி, கழுவிட்டு வந்து தொடுங்க" என்று நாள் முழுக்க என்னை விரட்டினார். மாட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவைத்தார். ஒரு பொட்டு எண்ணெய்ப் பிசுக்கு கண்ணில் பட்டால் போதும், மறுபடி துடைப்பார். ஹெட்டை மட்டும் லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சமப்படுத்தி வந்தோம். மற்றதெல்லாம் அண்ணியின் கை.

சனிக்கிழமை காலை என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. சாவிய மட்டும் திருப்புங்க. பெட்ரோல் வரட்டும், மொதல்ல பாப்போம்."

திருப்பினேன். பின்பக்கம் பம்ப் ரீங்கரித்தது. செத்துக் கிடந்த வண்டியிலிருந்து ஒரு சத்தம் வந்ததே என்று எனக்குப் புல்லரித்தது. அடுத்த மூச்சிலேயே பெட்ரோல் நெடி.

"அணைங்க! அணைங்க தம்பி!"

பாய்ந்து இறங்கிப் பார்த்தேன். எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கிற ஊசி மாதிரியான சாமான் நான்கு உண்டு, அதுதான் இன்ஜெக்டர். பெட்ரோல் குழாயோடு அது சேருகிற இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். மூன்றாவது இன்ஜெக்டரில் அந்த இடத்திலிருந்து பெட்ரோல் வழிந்து எஞ்சின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் போட்டதோ புத்தம்புது வளையம்.

அண்ணி பேட்டரி வயரைக் கழற்றி, ஷெட் கதவுகளை அகலத் திறந்துவிட்டு, சிந்தியதைத் துடைத்தார். நெடி பிடித்து அண்ணன் வந்துவிட்டார்.

"அவ்வளவுதானா? விடு, இரும்புக் கடைக்காரர் கிளம்பிட்டாராம்."

எனக்கு வந்ததே கோபம்! கையிலிருந்த ஸ்பேனரை மூலையில் விட்டெறிந்தேன். "இன்ஜெக்டரே ஓட்டை அண்ணி. நாம என்ன செஞ்சாலும் இது உருப்படாது!"

"எடுத்துத் தட்டுல வைங்க. கணக்குக் கொறையும்" என்றார் அண்ணி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒழுகலயே. இப்ப ஒழுகுதுன்னா நாம மாட்டினதுல தப்பு."

குழாயில் தங்கிய பெட்ரோலைத் துணியில் வடியவிட்டு, குழாயைக் கழற்றி, மூன்றாவது இன்ஜெக்டரை உருவினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் வளையம் ஒரு பக்கம் சுருண்டு, ஓரத்தில் சீவினாற்போலக் கிழிந்திருந்தது.

"இத எப்படித் தம்பி போட்டோம்?"

"ஸ்பிரிட்ல தொடச்சோம். காயவெச்சோம். வெச்சு அமுக்கினோம். போக மாட்டேன்னுச்சு. இன்னும் நல்லா அமுக்கினோம்."

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அடக் கடவுளே! ஒருத்தர் மூக்குல ஒரு குழாயக் காய்ஞ்சபடி விட்டிருப்பேனா நான்? ஜெல்லி தடவாம கையில எடுத்தாலே எங்க பெரிய சிஸ்டர் தோல உரிச்சுடுவாங்க. வண்டின்னதும் சுத்தம் சுத்தம்னு சருகாக் காயவெச்சுத் திணிச்சிருக்கேன் பாருங்க!"

விஷயம் அவ்வளவுதான். ரப்பர் வளையம் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மெக்கானிக் என்றால் அவர் விரலில் இருக்கிற எண்ணெயே அதற்குப் போதும். எங்கள் ஷெட்டில்தான் எண்ணெய்க்கு அனுமதியே இல்லையே! இப்படி ஒரு தப்பை ஒரு தியேட்டர் நர்ஸைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். புது வளையங்களோடு திரும்பியபோது இரும்புக் கடைக்காரரின் லாரி எங்கள் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மனிதர் டீ தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, காரின் டயர்களை மாமனார் வீட்டு மாப்பிள்ளை போல நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். "அவசரமில்ல சிஸ்டர், மெதுவாப் பாருங்க" என்றார் பெரிய மனதோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணி நான்கு இன்ஜெக்டரையும் உருவச் சொன்னார்.

"மூணாவது மட்டும்தானே ஒழுகுது?"

"நாலும் ஒரே கையால போட்டதுதானே தம்பி."

இரண்டாவதிலும் வளையம் சுருண்டிருந்தது. சுருண்டதைக் கழற்றித் தட்டில் வைத்தேன். புது வளையம் ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலால் எஞ்சின் ஆயில் தொட்டு மெல்லிசாகத் தடவினார். லேசாகத் திருகிக்கொண்டே அழுத்த, இன்ஜெக்டர் நான்கும் ஒரு முனகல்கூட இல்லாமல் இடத்தில் போய் உட்கார்ந்தன. குழாயைப் பூட்டி, பேட்டரியை இணைத்து, ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையைச் சுற்றியும் புண்ணுக்குக் கட்டுகிற வெள்ளைக் காஸ் துணியைச் சுற்றினார். சாவியைத் திருப்பினேன். பம்ப் ரீங்கரித்து ஓய்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அண்ணி துணியை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். நான்கும் வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தன.

"எறங்குங்க தம்பி. நான் பண்றேன்."

உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். எஞ்சின் இருமியது, அடங்கியது. அண்ணன் தொண்டையைக் கனைத்தார். இரும்புக் கடைக்காரர் கொக்கியை எடுக்கக் குனிந்தார். அண்ணி மறுபடி திருகினார். ஒரு உதறல், நீலமாக ஒரு புகை, பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள்! ஷெட்டுத் தகரமெல்லாம் அதிர்ந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுச் சண்டைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அண்ணி ஆர்ப்பாட்டமே செய்யவில்லை. எஞ்சின் சூடேறும்வரை பக்கத்திலேயே நின்றார். புதுத் துணியால் நான்கையும் இன்னொரு முறை ஒற்றிப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. உள்ளே போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துப் பையோடு வந்து உட்கார்ந்து, லாரியைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்தார்.

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க. எனக்கு நேரமாச்சு."

அவர் தம்ளரைக் கையில் பிடித்தபடியே லாரியைப் பின்னால் எடுத்தார். கேட்டை ஓடிப்போய்த் திறந்தது யார் என்கிறீர்கள்? என் அண்ணன்தான். "பாத்துப் போ, பாத்துப் போ" என்று அவரே கை காட்டி வழியனுப்பினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை, ஏதோ அவரே மாட்டிய எஞ்சின் மாதிரி.

மேட்டில் கார் திணறவில்லை. நான் மூக்கை நீட்டி நீட்டி மோந்து பார்த்துக்கொண்டே வந்தேன். சோப்பு வாசனை மட்டும்தான். தையல்காரர் வாசலில் நாற்காலி போட்டு, காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்துக் காத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த மேட்டுக்கு எந்த வண்டியும் வரமாட்டேங்குதே. எப்படி சிஸ்டர் வந்தீங்க?"

"என் வண்டியில" என்றார் அண்ணி, கையுறையை மாட்டிக்கொண்டே.