கம்மாபுரம் சாலையில் ஓர் ஊரின் கல்

விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் போகும் மினிபஸ் பாதி வழியில் நிற்கிறது. முன்னால் ஒரு டிராக்டர் சாலையை அடைத்துக்கொண்டிருக்கிறது. வெயில் தாங்காமல் இறங்குகிறேன்.

சாலையோரத்தில் இடுப்பளவு கருங்கல் ஒன்று. அதில் ஓர் ஊரின் பெயரும், அதன் கீழே 'இங்கே வாழ்ந்தோம்' என்ற வரியும் வெட்டியிருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்தபோது அந்த மக்களே நட்டுவிட்டுப் போன கல். சுரங்கம் இப்போது சாலைவரை வரப்போகிறது. அதனால் கல்லைத் தங்கள் புதுக்குடியிருப்புக்கு எடுத்துப்போக அந்த ஊர்க்காரர்கள் வந்திருக்கிறார்கள். நான்கு பேர் கடப்பாரையோடு நிற்க, ஒரு பெண் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மறுக்கிறார்.

"வுடுக்கா. மிஷினு வந்துச்சுன்னா கல்லு தூளாயிடும். அங்க கொண்டுபோயி பத்தரமா நட்டுக்கலாம்," என்கிறார் அவருடைய தம்பி.

அந்தப் பெண் என்னைப் பார்க்கிறார்.

"இதுக்குப் பின்னால தாங்க எம் பொண்ணப் பொதச்சோம். மூணு வயசு, காய்ச்சல்ல போயிட்டா. இருந்த மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்க. இந்தக் கல்லப் பாத்துதான் எடத்த கண்டுபுடிச்சி வரேன். இதையும் எடுத்துட்டா எங்கன்னு தேடுவேன்?"

"குழி வெட்டுனதே நான்தானக்கா. எனக்குத் தெரியாதா?" என்கிறார் தம்பி. பிறகு அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகக் கல்லிலிருந்து விலக்குகிறார்.

கல் பெயர்ந்து டிராக்டரில் ஏறுகிறது. எத்தனை முறை கூப்பிட்டும் அந்தப் பெண் ஏறவில்லை. வழி கிடைத்து எங்கள் பஸ் புறப்படுகிறது. ஜன்னல் வழியே திரும்பிப் பார்க்கிறேன். இடம் தவறிவிடக் கூடாதென்று, கல் இருந்த குழிக்குள் அவர் இறங்கி நிற்கிறார்.